ஐந்தாம் பக்கத்திலிருந்து கறை இல்லை

வல்திவியாவில் ஜூலை முழுக்க மழை.
வியாழன் இரவுகளில் ரொட்டிக்கடையின் பின்னறையில்
மாவு மூட்டைகளை ஓரம் தள்ளி
ஆறு நாற்காலி போடுவோம்.
ஏழாவதாக வருபவருக்கு மூட்டைதான்.

கதையை முந்தின வாரமே கொடுத்துவிட வேண்டும்,
ஆளுக்கொரு நகல்.
பேச்சு நடக்கையில் எழுதியவர் வாய் திறக்கக் கூடாது.
கேட்க வேண்டும்; கேட்கக் கூடாது.
இதை மீறி ஓதிலியா
மூன்று முறை எல்லோருக்கும் காபி வாங்கியிருக்கிறாள்.

அன்றைக்கு என் முறை.
அண்ணனும் தம்பியும்
செத்துப்போன அப்பாவின் படகைப் பாகம் பிரிக்கிற கதை.
ஒன்பது பக்கம்.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
போர்வைகள் காய்கிற நேரங்களில் எழுதியது.

மிரேயா ஆரம்பித்தாள்:
"ஆற்றின்மேல் பனிமூட்டம், அருமை."
அருமை என்பதை அவள்
பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக் கொடுப்பதுபோல
முகம் பார்க்காமல் கொடுப்பாள்.

பள்ளிக்கூட வாத்தியார் எலிசேயோ
காற்புள்ளிகளை எண்ணி வந்திருந்தார்.
இரண்டாம் பக்கத்தில் மட்டும் நாற்பத்தொன்று.

"அண்ணி ஏன் பேசவே இல்லை?" என்றாள் ஓதிலியா.
பேசுகிறாள் அம்மா, ஏழாம் பக்கத்தில் பேசுகிறாள்,
ஒரு படகு கவிழ்கிற அளவுக்குப் பேசுகிறாள்.
நாக்கு நுனிவரை வந்தது.
விழுங்கினேன். காபி மிச்சம்.

நன்றாக இருக்கிறது என்றால்
எந்த இடம் என்று அரிக்கிறது.
நன்றாக இல்லை என்றால்
நீ யார் சொல்ல என்று.

கடைசியில் ரோசெந்தோ.
மீன்சந்தையில் தலையும் குடலும் அறுத்துக்
கடற்சிங்கங்களுக்கு வீசுகிற ஆள்.
"படித்தேன்" என்றார்.
எப்போதும் அவ்வளவுதான் சொல்வார்.
நகலைச் சுருட்டி என் கையில் திணித்துவிட்டு
மழைக்குள் போய்விட்டார்.

கடைசி பஸ்ஸின் மங்கல் விளக்கில்
நகல்களை விரித்தேன்.
வாத்தியாருடையது அம்மை போட்டதுபோல் சிவப்பு.
மிரேயாவின் முதல் பக்கத்தில் ஒரு பூ;
மற்ற எட்டும் மடிப்புக்கூடக் கலையாமல்.
ரோசெந்தோவின் நகலில்
ஓர் எழுத்து இல்லை.
எண்ணெய்.

தட்டாகப் பயன்படுத்தியிருக்கிறான் பாவி
என்று பாலம் தாண்டும்வரை திட்டினேன்.
அப்புறம்தான் தொழில் புத்தி விழித்தது.
கறை பார்ப்பதுதானே என் பிழைப்பு.
இரத்தமா, அயோடினா, கஞ்சியா,
எத்தனை மணிக்குச் சிந்தியது
என்பதுவரை தொட்டுச் சொல்வேன்.

முதல் பக்கம்: தக்காளிச் சாறு, வெங்காயம்.
இரண்டு: பூசணி போட்டுப் பொரித்த ரொட்டி, கட்டைவிரல் தெளிவாக.
மூன்றில் ஒரு மீன்செதில்.
நான்கில் காபி வளையம், அதன்மேல் இன்னொரு வளையம்.
ஐந்திலிருந்து ஒன்றுமே இல்லை.
ஒன்பதுவரை வெள்ளை வெளேர்.

ஐந்தாம் பக்கம்.
தம்பி ரம்பத்தை எடுக்கிற இடம்.

கை கழுவியிருக்கிறார்.
தட்டைத் தள்ளிவிட்டுக் கை கழுவி வந்து
படித்திருக்கிறார்.

அன்றிரவே முதல் நான்கு பக்கங்களையும் வெட்டினேன்.
பனிமூட்டம் போயிற்று,
நாற்பத்தொரு காற்புள்ளிகளும் போயின.
பதினேழு நாள் எழுதிய பனிமூட்டம்;
அடுப்பில் போட்டபோது
ஈர விறகைவிட நன்றாக எரிந்தது.

அடுத்த வியாழன் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்:
ஐந்தாம் பக்கத்தில் சாப்பாட்டை நிறுத்திவிட்டீர்களே,
கதையாலா?

ரோசெந்தோ வெகுநேரம் யோசித்தார்.
"ரொட்டி தீர்ந்துபோயிருக்கும்" என்றார்.

எல்லோருக்கும் காபி வாங்கினேன்.

கதை இப்போது ரம்பத்தில் தொடங்குகிறது.
வெட்டியது சரிதான் என்று படுகிறது,
சில இரவுகளில் படவில்லை.

இந்த வாரம் அவருடைய முறை.
பதினோரு பக்கம், பென்சிலில்,
மீன்வாடையோடு.
சிவப்புப் பேனாவை அலமாரியில் வைத்துவிட்டேன்.
அருகில் வேண்டுமென்றே ஒரு தட்டு,
சூடான சூப், தாராளமாக ரொட்டி.

மூன்றாம் பக்கம்.
இன்னும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.