முப்பத்தொன்பது

செவ்வாய்ப்பேட்டை முனையில்
தட்டுவடை செட்டுக்குப் பீட்ரூட் துருவிய சௌடம்மா
தலை நிமிராமல் கேட்டாள்:
"படம் எப்ப வரும்?"
ரோல் முடியணும் என்றேன்.

கொலுசுப் பட்டறை வாசலில் பதினேழு.
லாரிக்கடியில் தூங்கும் கிளீனர், இருபத்திரண்டு.
லீ பஜார் வெல்ல மூட்டைமேல்
கால் ஒட்டிக்கொண்ட காக்கைக்கு மூன்று போயிற்று.

முப்பத்தேழு வந்தபோது
கொசுறு என்று சந்தோஷப்பட்டேன்.
முப்பத்தெட்டு.
முப்பத்தொன்பதில்தான் பார்த்தேன்,
யாஷிகாவின் இடப்பக்கக் குமிழ் சுற்றவேயில்லை.

பிலிம் பல்லில் மாட்டவில்லை.
காலையிலிருந்து
ஊர் முழுக்க வெறும் 'டக்'.

இருட்டுப்பையில் கைவிட்டு
மறுபடி மாட்டிக்கொண்டு திரும்பினால்
பீட்ரூட் தீர்ந்திருந்தது.
"அதான் எடுத்தாச்சே?"
"இது ஒண்ணாவது."

சிரித்தாள், முகத்தை மூடிக்கொண்டு.
கறுப்பு வெள்ளை ரோல்,
அந்த விரல்களின் சிவப்பு இதில் வராது.
விரல்களைத்தான் எடுத்தேன்.