தரை இல்லாத நரி

வெள்ளி மாலை தலைப்பு தந்தார்கள்: கதவு.
தார்த்து நகரில் மைனஸ் பதினெட்டு.
ஊர்மாஸ் நிரல் எழுத,
லீஸ்பெத் நரி வரைந்தாள்.
ஒலிக்கு நான்.
ஹீட்டர் குழாயின் முனகலைப் பதிந்து
காற்று என்று பெயரிட்டேன்.

சனி இரவு மூன்று மணிக்கு
நரி தரைக்குள் விழுந்தது.
திருத்தி ஓட்டினோம்.
மறுபடி விழுந்தது, வால் கடைசியாக.
ஊர்மாஸ் பீட்சா அட்டைமேல் தூங்கிப்போனான்,
கன்னத்தில் சீஸ்.

முடிய நாற்பது நிமிடம்.
"விழட்டுமே" என்றாள் லீஸ்பெத்.
தரைக்குக் கீழே இன்னொரு வானம் தீட்டினாள்.
கதவு வைக்க நேரமில்லை.

பரிசு பக்கத்து மேசைக்கு.
எங்கள் ஆட்டத்தை ஆடியது
கூடத்தைப் பெருக்க வந்த ஹெல்வி மட்டும்.
துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப்
பதினொரு முறை விழுந்தார்.

வெளியே ஆறு உறைந்திருந்தது.
வாசற்படியில் ஊர்மாஸ்
ஒரு காலை மட்டும் முதலில் வைத்து
அழுத்திப் பார்த்தான்.