அரை கிளட்ச்

ஸ்பிதிக்குப் போகத்தான் வாங்கினேன்.
இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி,
ஆற்றில் இறங்கினாலும் நனையாத பை.
எந்த மேடும் இதை நிறுத்தாது என்றார்கள் ஷோரூமில்.

மூன்று வருடமாக
மாரத்தஹள்ளியிலிருந்து பொம்மனஹள்ளி.
முதல் கியர், அரை கிளட்ச்,
கால் தரையில்,
மறுபடி அரை கிளட்ச்.

நேற்று சில்க் போர்டில்
எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை.
கருகிய வாடை.
பின்னால் வந்த பால்வண்டிக்காரர்
ஹாரனை விட்டுவிட்டு
இறங்கித் தள்ளினார்.

கலாசிபாளையத்தில் முனாவர்
கன்னடப் பேப்பரில் தட்டுகளைப் பரப்பினான்.
எல்லாம் நீலம் பாரித்திருந்தன.
"எந்த மலைக்குப் போனீங்க சார்?"

சொல்ல வாய் வரவில்லை.
இடது கையை நீட்டினேன்.
இரண்டு விரல் இன்னும்
பாதி மடங்கியே இருந்தது.