இடது கதவு

பகலில் பல் பிடுங்குகிறேன்,
இரவில் துரு.
இரண்டுக்கும் ஒரே முதுகுவலி,
சில நேரம் ஒரே கருவி.
வேர்ச்சிகிச்சை ஊசியால்
கார்புரேட்டர் துளையைக் கிண்டியது
கூனியோ நகரத்து நோயாளிகள்
யாருக்கும் தெரிய வேண்டாம்.
(பழைய ஊசிதான். சத்தியமாக.)

எழுபத்தொன்றாம் வருடத்து லான்சியா ஃபுல்வியா.
விற்றவன் சொன்னான்:
"மேலோட்டமாகக் கொஞ்சம் துரு, டாக்டரம்மா."
சொத்தைப் பல்லும் அப்படித்தான்,
மேலே கடுகளவு கறுப்பு
குடைந்தால் குகை.
முன்சக்கரம் தாங்கும் சட்டத்தில்
திருப்புளியை வைத்து அழுத்தினேன்.
பிஸ்கட்டில் இறங்குவதுபோல் இறங்கியது.
அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை.

மூன்று குளிர்காலம்.
எரால்டோ சமையலறைக்குப் புதுத் தரை கேட்டான்.
காருக்குத்தான் வந்தது புதுத் தரை.
ஆனாலும் வெல்டிங்கின்போது
முகத்தைத் திருப்பிக்கொண்டு
விளக்குப் பிடித்தவன் அவன்தான்.
கை நழுவிய ஒரு திருகு
உருண்டு உருண்டு
உலகத்திலேயே இல்லாமல் போகும்.
மறுநாள் அவன் செருப்புக்குள் கிடைக்கும்.
கத்துவான். எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

போன மார்ச்சில்
இடது கதவின் உட்பலகையைக் கழற்றினேன்.
பின்புறம், தொழிற்சாலைக் கை ஒன்று
மெழுகுப் பென்சிலில் எழுதிய எண்.
வலது கதவில் 4417.
இருக்கைக்கு அடியில் 4417.
டிக்கி மூடியில் 4417.
இதில் மட்டும் 2960.

ஆக, என் வண்டியின் இடப்பக்கம்
வேறு யாருடையதோ.
ஏதோ ஒரு சுவர், ஏதோ ஒரு மாடு,
ஏதோ ஒரு பழைய இரும்புக்கடை.
நான் விரல் தேயத் தேய்த்து
அசலாக்கியது
அசலே இல்லை.

செப்டம்பரில் மொந்தோவி திடலில்
நாற்பது லான்சியாக்கள்.
குனிந்து குறை தேடுகிறவர்கள்,
வைப்பர் திருகு குரோமா நிக்கலா என்று
குடும்பச் சண்டை போடுகிறவர்கள்.
வரன் தேடி வந்தவள் ஜாதகம் கேட்பதுபோல்
வண்டி வண்டியாகக் கேட்டுக்கொண்டு போனேன்:
"உங்கள் எண் என்ன?"

முப்பத்தோராவது, நீலம்.
குவால்தியெரோ. சவோனா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்.
"இருபத்தொன்பது அறுபது. ஏன்?"
சொன்னேன்.
வாயிலிருந்த ஃபொக்காச்சாவை
மென்று முடிக்கும்வரை பேசவில்லை.
பிறகு, "என்னுடைய இடது கதவு
ஒரு பச்சை வண்டியிலிருந்து வந்தது" என்றார்.
"அந்தப் பச்சை யாருடையது என்று
இன்னும் தெரியவில்லை."

தர மாட்டேன் என்ற சொல்
பல்வரிசைவரை வந்து நின்றது.
அவர் கேட்கவே இல்லை.
"ஒருமுறை சாத்திப் பார்க்கலாமா?"
என்று மட்டும்.

திறந்தார். தலை சாய்த்தார்.
சாத்தினார்.
ணொக்.
"என்னுடையதைவிட நன்றாகச் சாத்துகிறது."
தன் விரல் பட்ட இடத்தை
தன் சட்டைக் கையால் துடைத்தார்.
நான் அவருடையதைச் சாத்தினேன்.
கொஞ்சம் உரசியது.
"கீல்" என்றேன். "கீல்தான்" என்றார்.
சவோனாவுக்கு மழை என்று சொல்லிக் கிளம்பினார்.

திங்கட்கிழமை முதல் நோயாளி
ரெயில்வே குமாஸ்தா, கீழ்க்கடைவாய்.
புதுப் பல்லை வைத்து அழுத்தினேன்.
"கடியுங்கள்."
கடித்தார்.
"இன்னொரு முறை."
காதைப் பக்கத்தில் கொண்டுபோனதை
அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.