பீட்ரூட் இல்லாத சூப்

இந்த வாரம் ஷாங்காயில் ஏழு உணவகங்கள்.
ஏழிலும் பொய்ப் பெயரில் மேசை பதிந்தேன்.
திங்களன்று நான் திருமதி கோங்,
பல் மருத்துவர் மனைவி.
செவ்வாயன்று விவாகரத்தானவள்,
கொஞ்சம் அதிகமாகவே வைன் கேட்டேன்.
சம்பளம் இதற்குத்தான்:
சாப்பிடணும், காட்டிக்கொள்ளக் கூடாது.

ஆற்றைப் பார்க்கும் ஐம்பத்தோராம் மாடியில்
கண்ணாடி மணிக்குள் வைத்துக் கொண்டுவந்தார்கள்
வாத்தின் ஈரலை.
மணியைத் தூக்கினால் புகை.
புகை விலகினால் கட்டைவிரல் அளவு ஈரல்.
"எங்கள் செஃப் பாரிசில் பதினோரு ஆண்டு" என்றான்
பரிமாற வந்த பையன்,
ஜாதகம் வாசிப்பதுபோல.
நன்றாகத்தான் இருந்தது.
நன்றாக இருந்தது என்று சொல்ல
என் படிவத்தில் பதினான்கு கட்டங்கள்.

வெள்ளிக்கிழமை இத்தாலியச் சாப்பாடு.
ரிசோட்டோவில் அரிசி நடுவே நறுக்கென்றது.
அதுதான் பதமாம்.
பக்கத்து மேசைக்காரர் மனைவியிடம் கேட்டார்:
"இவங்க வீட்ல குக்கர் ரிப்பேரா?"
சிரிப்பை நாப்கினில் துடைத்துவிட்டு
ஐந்துக்கு நாலரை போட்டேன்.

ஏழாவது, சனிக்கிழமை, மழை.
பெயர்ப்பலகையில் பாதி எரியவில்லை.
முதலில் கல்லாவில் காசு, பிறகு சீட்டு,
பிறகு எங்கே நாற்காலி காலியோ அங்கே.
பதிவு செய்கிறேன் என்று தொலைபேசியில் சொன்னபோது
எதிர்முனையில் சிரித்தது ஏன் என்று
இப்போது புரிந்தது.

எதிரே உட்கார்ந்தவர் பான் யுவேலியாங்.
நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார்.
நாற்பது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு,
காலடியில் கப்பல்.
"ராட்டர்டாம், ஹாம்பர்க், ஜெனோவா,
ஒரு ஊர் பாக்கியில்லை, எல்லாப் பெட்டியும்
என் கையால்தான் இறங்கியிருக்கு.
ஒன்றைக்கூடத் திறந்து பார்த்ததில்லை."

சூப் வந்தது.
கோஸ், தக்காளி, நூலாய்ப் பிரியும் மாட்டிறைச்சி,
ஒரு சிட்டிகை அதிகமான சர்க்கரை.
ரஷ்யாவில் இதற்குப் பீட்ரூட்தான் உயிர்.
இங்கே எந்தக் காலத்திலோ பீட்ரூட் கிடைக்காமல்
யாரோ தக்காளியைக் கொட்டிச் சிவப்பாக்கி
சமாளித்திருக்க வேண்டும்.
அந்தச் சமாளிப்புக்கு இப்போது வாசல்வரை வரிசை.

பிஸ்கட் தூளில் புரட்டிப் பொரித்த பன்றிக் கட்லெட்.
ஃபோர்க்கால் அழுத்திப் பிடித்துக்கொண்டு
சாப்ஸ்டிக்கால் பிய்த்தார் பான்.
கறுப்பான காரச் சாற்றை அதன் தலையில் ஊற்றிவிட்டு
கேட்டார்:
"ஐரோப்பாவில் இதே ருசிதானா?"

மூன்று வருடம் லியோனில் இருந்தவள் நான்.
இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன்.
வாயில் சூப் இருந்தது.

அதற்குள் பரிமாறும் பெண் வந்து அதட்டினாள்:
"எட்டும் ரெடி! பாத்திரம் எங்கே?"
மேசைக்கடியிலிருந்து பையை இழுத்தார்.
எட்டு ஃப்ளாஸ்க், ஒவ்வொன்றிலும்
பசைநாடாவில் ஒரு பெயர்.
இரவு ஷிஃப்ட் ஆட்களுக்கு.
மேலே காற்று எலும்பைக் கடிக்குமாம்.
மூடிகளை இறுக்கித் திருகி
ஒவ்வொன்றையும் தலைகீழாய்க் கவிழ்த்துப் பார்த்து
மழையில் இறங்கிப் போனார்.

படிவத்தை எடுத்தேன்.
அசல் தன்மை: ஐந்துக்கு எத்தனை?
யாருடைய அசல் என்று கேட்க அதில் கட்டமில்லை.
எழுதினால் என்ன நடக்கும், தெரியும்.
வசந்தத்துக்குள் வாசலில் கயிறு கட்டுவார்கள்,
சூப்புக்கு அகலமான வெள்ளைத் தட்டு வரும்,
ஃப்ளாஸ்க் எடுத்து வருபவரைப் பார்த்து
யாராவது மரியாதையாக முகம் சுளிப்பார்கள்.

"பழுதுபார்ப்புக்காக மூடியிருந்தது" என்று எழுதினேன்.
பத்து வருடத்தில் நான் சொன்ன பொய்களில்
பெயர் மாற்றாமல் சொன்னது அது ஒன்றுதான்.

இந்த ஆண்டுப் பட்டியலில்
ஆறு உணவகங்களே இருப்பதற்குக் காரணம் அதுதான்.
ஆறும் போகத் தகுந்தவை. போய்வாருங்கள்.

அடுத்த சனிக்கிழமை
யாராகவும் இல்லாமல் போய் வரிசையில் நின்றேன்.
சொந்தப் பெயரைச் சொல்லத் தயாராக இருந்தேன்.
கல்லாக்காரி நிமிரவேயில்லை.
சீட்டில் எண் மட்டும்: அறுபத்திரண்டு.
என் முன்னால் நின்றவர்
நான்கு ஃப்ளாஸ்க் வைத்திருந்தார்.