ஒரு சாண் காலி

கதவு வைத்த அலமாரி பன்னிரண்டாயிரம் என்றான்
மிண்ட் முனையில் ஒருத்தன்.
கதவைக் கழித்துக்கொண்டு சொல் என்றேன்.
சிரித்தான்.
நான் சிரிக்கவில்லை.

காயலாங்கடையில் கிடைத்தது மூன்று பலகை.
துறைமுகத்துப் பெட்டியைப் பிரித்த கட்டை.
இந்தப் பக்கம் மேலே என்று
அதில் இரண்டு அம்புக்குறி, இன்னும் அழியாமல்.
நூற்று எண்பது சொன்னான், நூற்று அறுபதுக்குப் படிந்தான்.
ஆங்கிள் தனி.

நாலு ஆங்கிளுக்கு மேல் சுவரில் ஏறக் கூடாது
என்றார் வீட்டுக்காரர் துலுக்காணம்.
நாலில் இரண்டு பலகை நின்றது.
மூன்றாவது இன்னும் கட்டிலுக்கு அடியில்தான்.

முதல் நாள் எல்லாவற்றையும் ஏற்றினேன்.
கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டு ஆறு,
காது போன கோப்பை இரண்டு,
மூடி தொலைந்த டப்பாக்கள்,
டப்பா தொலைந்த மூடிகள்,
ஹார்லிக்ஸ் பாட்டில் பதினொன்று.
"கடை எப்போ தொறக்குற?" என்றான் எத்திராஜ்.

இரவு கூட்ஸ் வந்தது.
கொருக்குப்பேட்டையில் கூட்ஸ் என்பது சத்தம் இல்லை,
தரைக்குள்ளிருந்து நீளும் ஒரு கை.
கடைசி வேகன் கடப்பதற்குள்
பாட்டில்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு
விளிம்புவரை நடந்துவிட்டன.
ஒன்று குதித்தது.
கடுகு.
இன்றைக்கும் எங்கேயாவது காலில் தட்டுப்படுகிறது.

மறுநாள் சைக்கிள் டியூபைப் பட்டை பட்டையாக வெட்டி
பலகையில் ஒட்டினேன். செலவு இல்லை.
கண்ணாடி பின்னால், எவர்சில்வர் முன்னால்.
நடை நின்றது.

அப்புறம் தூசி.
எண்ணூர் சாலை லாரி கிளப்புவது பாதி,
மீதி எங்கிருந்து என்று சொன்னால் சண்டை வரும்.
கறுப்பு.
எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்தால் எழுந்திருக்காது.
எனக்கு வேறொரு பொடி தெரியும்,
கேரம் போர்டில் தூவுகிற வெள்ளைப் பொடி,
தொட்டால் காய் வழுக்கிக்கொண்டு ஓடும்.
இது உட்காரவைக்கிற பொடி.

எட்டு நாள் எதையும் துடைக்காமல் விட்டேன்.
"சோம்பேறித்தனமா?"
"கணக்கு."
ஒன்பதாம் நாள் ஒற்றை விரலால்
ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனேன்.
விரல் கறுத்தால் இறங்கு.
பீங்கான் ஆறும் இறங்கியது.
கோப்பைகள் இறங்கின, டப்பாக்கள், மூடிகள்.
அரிசி, துவரை, புளி, டீத்தூள்
மிளகாய்த்தூள்
நின்றன, கை பட்டுப் பட்டுப் பளபளத்துக்கொண்டு.

கப்பும் கறுத்திருந்தது.
மாவட்ட அளவில் இரண்டாம் இடம், பெண்கள் பிரிவு,
கோ. தேசம்மா.
அன்றைக்குச் சிவப்பு விழுந்தது,
ஃபாலோ விழவில்லை.
சட்டம் சட்டம்தான் என்று இறக்கினேன்.
எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கும்போது
குழம்பு பொங்கிவிட்டது.
அவசரத்தில் கரண்டியை அதற்குள் போட்டேன்.
அளவெடுத்த மாதிரி நின்றது.
இப்போது ஆறு கரண்டி, ஒரு மத்து.
தூசி அண்டுவதில்லை.

மேல்பலகையில் ஒரு சாண் மட்டும் காலி.
பல்கீஸ் சர்க்கரை கேட்டு வந்தவள்
துவரைப் பாட்டிலின் அடியைப் பார்த்தாள்.
"தேதி இருபத்தாறுன்னு உன் செவுரே சொல்லுதுடி."
கதவு இல்லை, ஒளிப்பதற்கு எதுவும் இல்லை,
பார்த்தால் பார்க்கட்டும்.
"அந்த எடத்துல என்னா வெக்கப் போற?"
"ஒண்ணும் இல்ல."
"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு எடம்?"
காய் நெருக்கிக் கிடந்தால் ஸ்ட்ரைக்கர் எங்கே ஓடும்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவள் சர்க்கரையோடு படியிறங்கிவிட்டாள்.

சாயங்காலமே திரும்பி வந்தாள்,
கையில் பிளாஸ்டிக் மயில் ஒன்று,
தோகையில் பச்சை மினுக்கு.
நான் மறுப்பதற்குள் வைத்துவிட்டாள்,
அந்த ஒரு சாணில்,
அளவெடுத்த மாதிரி.

சரி, எட்டு நாள் பார்ப்போம் என்று விட்டேன்.
இன்றோடு ஒன்பது.
விரலால் தோகையைத் தொட்டேன்.
கறுக்கவில்லை.
இன்னொரு முறை, கழுத்துக்கு அடியில்.
அங்கேயும் சுத்தம்.

எத்திராஜ் ஜன்னல் பக்கம் திரும்பி
வராத கூட்ஸை
எண்ணிக்கொண்டிருக்கிறான்.