பதிப்பு வரலாறு

பகாவ் பஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால்
நகல், லேமினேட், பேனர் என்று
மூன்று சொல் எழுதிய கடை என்னுடையது.
பழைய கணினி போன மாதம்
பல்லி மாதிரி உச்சுக் கொட்டிக் கொட்டி
ஒருநாள் நின்றுபோனது.
ஏழு வருஷத்துக் கல்யாணப் பத்திரிகைகள்
அதோடு போயின.

இனிமேல் எல்லாம் மேகத்தில் வை என்றான்
டோனர் விற்க வரும் ஜெயசீலன்.
மேகம் என்றால் எங்கே என்றேன்.
செம்பனைக் குலையை இங்கே வெட்டுகிறோம்
பிழிவது மில்லில்தானே, அப்படி.
கத்தி மட்டும் உன் கையில் இருந்தால் போதும்
யந்திரம் அவர்களுடையது.
மாசம் பிறந்தால் வாடகை.

முதல் ஏழு நாள் இலவசம்.
கடவுச்சொல்லுக்குப் பெரிய எழுத்து கேட்டது
எண் கேட்டது, குறி கேட்டது.
அப்பாவின் லாரி நம்பரைப் போட்டு
கடைசியில் ஓர் ஆச்சரியக்குறி வைத்தேன்.
வலுவானது என்றது பச்சையில்.
அப்பா போய் அன்றைக்குப் பத்தாம் நாள்.

முதல் கோப்பும் அவருக்குத்தான்.
மாதிரிகள் ஆயிரம் காட்டியது
பிறந்தநாள், யோகா வகுப்பு, பீட்சா.
கருமக்கிரியைக்கு ஒன்றுமில்லை.
பீட்சாவை எடுத்து
தக்காளியை ஒவ்வொன்றாய் அழித்து
அந்த வட்டத்தில் ஒரு விளக்கை வைத்தேன்.

'பகிர்' என்ற பொத்தானைத்
தெரியாமல் அழுத்தினேன் என்று
யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.
செனாயில் இருக்கும் புஷ்பலீலாவுக்குப் போனது.
என் தங்கை. பேச்சு நின்று நாலு வருஷம்.

இரவு ஒன்பதுக்கு
திரைக்குள் ஓர் அம்பு நுழைந்தது.
ஊதா நிறம். வாலில் அவள் பெயர்.
விளக்கைத் தாண்டி, தேதியைத் தாண்டி
அப்பாவின் பெயருக்கு வந்து நின்றது.
சின்னப்பெருமாள் என்பதைத்
தூக்கக் கலக்கத்தில் 'ல்' போட்டு முடித்திருந்தேன்.
'ள்' ஆனது.
நான் என் அம்பை அசைக்கவில்லை.
வாசலில் யாரோ நிற்கும்போது
கையில் தட்டோடு
சமையலறையில் மூச்சடக்குவது போல.

அப்புறம் மழை. லைன் போய்விட்டது.
மேகத்தில் வைத்ததற்கு
மேகமே குறுக்கே நின்றது.

காலையில் அம்பு இல்லை.
மூலையில் சின்னதாய் ஒரு கடிகாரப் படம்
தொட்டால் நேற்றைய இரவு
அடுக்கடுக்காய் விரிந்தது.
அழித்ததையும் அழிக்காமல் வைத்திருக்குமாம்.
ஜெயசீலன் இதைச் சொல்லவே இல்லை.

ஒன்று ஐம்பதுக்கு 'மருமகன்' என்று ஒரு சொல்.
ஒன்று ஐம்பத்திரண்டுக்கு, பக்கத்தில், வோங் கா மெங்.
அடுத்த நிமிஷம் அது இல்லை
தீபாவளியன்று ஆரஞ்சுப் பெட்டியோடு வந்தவரை
அப்பா கேட்டைத் திறக்காமல் திருப்பிய
அதே வேகத்தில்.
இரண்டு பதினாலுக்கு மறுபடி முழுப்பெயர்.
இரண்டு இருபதுக்கு
அந்த வரியே இல்லை.

அன்றைக்கு கேட்டுக்கு இந்தப் பக்கம்
நானும்தான் நின்றிருந்தேன்.

இரண்டு பதினாலைத் தொட்டேன்.
இந்தப் பதிப்பை மீட்கவா என்று கேட்டது.
ஆம்.
எழுத்து மட்டும் ஓர் அளவு சிறிதாக இருந்தது.
அவளே குறைத்திருப்பாள்.
மற்ற மருமகன்களோடு சமமாக்கினேன்.
நூற்றைம்பது பிரதி என்று கொடுத்தேன்.
பிரிண்டர் சூடேறத் தொடங்கியது.

ஊதா அம்பு வந்தது.
அந்த வரியின் மேல் நின்றது.
அசையவில்லை.

கடைக்கு ஒருவர் வந்தார்
ஐசியை நீட்டினார்
நகல் வேணும், இரண்டு பக்கமும்
ஒரே தாளில் என்றார்.